ரேடியோவின் மூச்சு

அந்த மனிதருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பஸ் டிப்போவில் சேர்ந்த முதல் வாரமே கண்டக்டர்கள் எல்லாரும் சேர்ந்து 'ரேடியோ' என்று வைத்துவிட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஓய்வு பெற்ற பிறகும் ஒலிபரப்பு நிற்கவில்லை, நிகழ்ச்சிதான் மாறியது. முன்பு டீசல், சாலைப் பள்ளம், மேலதிகாரி என்று பல நிகழ்ச்சிகள். இப்போது ஒன்றே ஒன்று. மகள்.

"என் பொண்ணு காத்தைப் புடிக்கிறா" என்று ஆரம்பிப்பார். "கடல் முனையில நின்னு, மூச்சை அடக்கி, கண்ணாடிக் குடுவையில புடிக்கிறா. உலகத்துக்கு எவ்வளவு காய்ச்சல்னு பெரிய பெரிய விஞ்ஞானிங்க அதை வச்சுத்தான் கணக்குப் போடறாங்க, தெரியுமா?" பால் வாங்கப் போன இடத்திலும் இதுதான், வங்கி வரிசையிலும் இதுதான். முடி வெட்டுகிறவர் ஒரு முறை பொறுக்க முடியாமல், "அண்ணே, தலையை ஆட்டாமப் பேசுங்க, காதை வெட்டிரப் போறேன்" என்று கெஞ்சினார். ரேடியோ தலையை நிறுத்தினார், பேச்சை நிறுத்தவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அவர் சொன்னதில் மிகை உண்டே தவிரப் பொய் கிடையாது. மகள் வளிமண்டல ஆய்வாளர். ஊருக்கு வெளியே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையில் ஒரு சின்னக் கட்டடமும் ஒரு கம்பமும்தான் அவளுடைய நிலையம். எந்தப் புகைபோக்கியையும் தொடாமல் கடல் மேலேயே நெடுந்தூரம் வந்த காற்று அங்கே முதன்முதலாகக் கரை ஏறும். வாரத்துக்கு ஒரு முறை அந்தக் காற்றை இரண்டு குடுவைகளில் பிடித்து, தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பிவைப்பாள். அங்கே அதில் கரியமில வாயு எவ்வளவு என்று அளந்து, வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே வேறு வேறு ஆட்கள் அதே பாறையில் நின்று பிடித்த காற்று அது. புள்ளிகள் ஒரு வாரம்கூட விட்டுப்போகாமல் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

தலைமை ஆய்வகத்தில் குடுவைகளுக்குள் இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்து, வெறுமையாக மூடித்தான் இங்கே அனுப்புவார்கள். மகள் காற்று வரும் திசையைப் பார்த்து நிற்பாள், நன்றாக ஒரு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு சில அடிகள் முன்னே நடப்பாள், குடுவையைத் தலைக்கு மேலே தூக்கி அடைப்பைத் திருகுவாள். 'உஸ்' என்று காற்று உள்ளே பாயும். மூடிவிட்டுத் திரும்பி வந்துதான் மூச்சை விடுவாள். பிறகு இரண்டாவது குடுவைக்கும் அதே போல.

அங்கே அவளைக் கொண்டுபோய் விடுவது ரேடியோவின் பழைய கார். அலுவலக வண்டி ஒன்று உண்டு, ஆனால் கண்ணாடிக் குடுவை ஆயிற்றே. நிறைமாதக் கர்ப்பிணிகளைக்கூடக் குலுக்காமல் இறக்கிவிட்ட கை என்று சொல்லிச் சொல்லி அந்த வேலையை அவர் பிடுங்கிக்கொண்டார்.

இந்தப் பெருமைக்கெல்லாம் ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. மனைவியின் தம்பி. டயர்கடை வைத்திருப்பவன். அவனும் ரேடியோவும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், ஒருவர் காலை ஒருவர் வாருவதுதான் பொழுதுபோக்கு.

"காத்துப் புடிக்கறதுக்கு ஏன் மச்சான் அவ்வளவு தூரம் போறீங்க?" என்பான். "நம்ம கடைக்கு அனுப்புங்க. முன்சக்கரம் பின்சக்கரம் எல்லாத்துக்கும் புடிச்சுத் தரேன். குடுவைக்குன்னா இலவசம்!"

ரேடியோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தப் பயல் வாயை ஒருநாள் அடைத்தே தீருவது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை.

*

ஒருநாள் மாலை மகள் முகம் வாடி வீட்டுக்கு வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, ஒரு மாதிரியா இருக்க?" என்றாள் அம்மா.

"தலைமை ஆய்வகத்துல இருந்து மேடம் பேசினாங்கம்மா. ஒரே இடத்துல, ஒரே நேரத்துல புடிச்ச ரெண்டு குடுவையும் ஒரே அளவு காட்டணும். போன ரெண்டு வாரமும் காட்டல. ரெண்டு தடவையும் முதல் குடுவையில அளவு கூட இருக்கு."

"அப்படின்னா?"

"ஏதோ அசுத்தக் காத்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம். நிலையத்துக்கு ஒதுக்கற நிதியை எப்படா குறைக்கலாம்னு ஏற்கெனவே பார்த்துட்டு இருக்காங்க. அடுத்த ஜோடியும் சரியில்லன்னா நிலையத்தை நிறுத்தி வச்சுருவாங்க. அத்தனை வருஷ வரிசை என் கையில அறுந்துபோகும்மா."

ரேடியோவுக்கு வந்ததே கோபம்! "யாரு அந்த மேடம்? என் பொண்ணு கையில தப்பு நடக்குமா? அவங்க மிஷின்ல கோளாறு இருக்கும். நம்பரைக் குடு, நான் பேசறேன்!"

"சும்மா இருங்கப்பா" என்றாள் மகள். கத்தவில்லை. அந்தக் களைத்த குரல் அவருக்கு என்னவோ செய்தது.

அந்த வாரம் அவள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. குடுவைகளின் அடைப்புகளைக் கழற்றிப் பார்த்தாள், கசிவு இல்லை. காற்றின் திசை பதிவான தாள்களைப் பார்த்தாள், கடல் காற்றுதான். கடைசியில் தன் மீதே சந்தேகம் வந்துவிட்டது. சமையலறை ஜன்னல் பக்கம் நின்று மூச்சை அடக்கி அடக்கிப் பழகினாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் வரும் வரைக்கும் விடமாட்டாள்.

"எனக்குத் தெரியாம மூக்கு வழியாக் கசியுதோ என்னமோ, அம்மா. அதைத் தவிர வேற காரணமே தெரியல" என்றாள்.

மகள் தன்னையே இப்படிக் குறைசொல்லிக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. என்ன செய்வது என்று யோசித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பெருமை பேசுவது. எல்லாரையும் கூட்டி வைத்து இவளைத் தூக்கிவைத்துப் பேசினால் தெம்பு வந்துவிடும் என்று முடிவு கட்டினார்.

*

ஞாயிற்றுக்கிழமை டயர்கடை மச்சான் வந்தான். காபி கையில் வந்து சேர்வதற்குள் ரேடியோ தன் போனை டிவியோடு இணைத்துவிட்டார்.

"காத்துப் புடிக்கறதுன்னா என்னன்னு இன்னைக்குப் பாரு மச்சான். பார்த்துட்டு அப்புறம் பேசு."

மகள் நிமிர்ந்தாள். "என்னதுப்பா அது?"

"உனக்கும் காட்டலாம்னுதான் வச்சிருந்தேன், கண்ணு. ரெண்டு வாரமா எடுத்தது. முத வாரம் பாதிப் படத்துல என் கட்டைவிரல்தான் தெரியுது, அதான் அடுத்த வாரம் மறுபடி எடுத்தேன். அது அருமையா வந்திருக்கு."

டிவியில் பாறை முனை தெரிந்தது. காற்றில் முடி பின்னால் பறக்க, மகள் நேராகப் பார்த்து நடந்து வருகிறாள். குடுவையைத் தூக்குகிறாள். கண்கள் குடுவையில் இருக்கின்றன. அதன் மேலே, காது கிழிய, ரேடியோவின் நேர்முக வர்ணனை: "இதோ வர்றா பாருங்க, என் சிங்கக்குட்டி! மூச்சு விடலை! இதோ தூக்கிட்டா! உலகமே இந்தக் குடுவைக்காகக் காத்திட்டிருக்கு!"

"அட, சினிமாக்காரி மாதிரியே இருக்கா!" என்றான் மச்சான். முதல் முறையாக அவன் குரலில் கிண்டல் இல்லை. ரேடியோ தலைகால் புரியாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

மகள் மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, எங்க நின்னு எடுத்தீங்க?"

"உனக்கு முன்னாடிதாம்மா. அந்தக் குட்டைப் பாறைக்குக் கீழ குந்தி உட்கார்ந்து எடுத்தேன். பின்னாடி நின்னா உன் முகம் எப்படித் தெரியும்?"

"பின்னாடி, கார்கிட்டயே நில்லுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நீ வெக்கப்படறேன்னு நினைச்சேன்."

"காத்து எனக்கு முன்னாடி இருந்து வருதுப்பா. அங்க நின்னு பேசியிருக்கீங்க, அலைச் சத்தத்துல எனக்குக் கேக்கவே இல்ல. நம்ம மூச்சுல கரியமில வாயு வெளிக்காத்துல இருக்கறதை விட நூறு மடங்கு இருக்கும். நான் எதுக்கு மூச்சை அடக்கறேன்னு நினைச்சீங்க?"

டிவியில் ரேடியோ இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது குடுவையையும் எடுத்தீங்களா?"

"இல்ல. முட்டி வலிச்சுது. எழுந்து போயிட்டேன்."

அதாவது முதல் குடுவையில் அப்பாவின் பெருமை முழுவதும் ஏறியிருந்தது, இரண்டாவது குடுவை முட்டிவலியால் தப்பித்தது. ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை. வாரம் தவறாமல் அவளை அங்கே கொண்டுபோய் விட்டவர். ஊரெல்லாம் 'மூச்சை அடக்கி' என்று சொல்லித் திரிந்தவர். எதற்காக அடக்குகிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"பெருமை பேசத் தெரியும். காது குடுத்துக் கேக்கத்தான் தெரியாது" என்றாள் மனைவி.

மச்சான்தான் மெதுவாக ஆரம்பித்தான். "சரி விடும்மா, நடந்தது நடந்துபோச்சு. அடைப்பு கசிஞ்சுதுன்னு சொல்லிடு. புது அடைப்பு மாத்திட்டேன்னு ஒரு வரி எழுது. யாருக்குத் தெரியப்போகுது? இவர் மானமாவது மிஞ்சும்."

"ஆமாம்மா. அப்பா பேரை எதுக்கு அங்கெல்லாம் இழுக்கணும்?" என்றாள் அம்மாவும்.

மகள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "இந்த ரெண்டு புள்ளிக்குப் பொய் சொன்னா, மத்தப் புள்ளியை எல்லாம் யார் மாமா நம்புவாங்க?"

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற வேதனை அதில் இருந்தது, ஆனால் தயக்கம் இல்லை. ரேடியோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு அடியில் இன்னொன்றும் கிளம்பியது. பெற்ற அப்பனுக்காகக்கூட இவள் ஒரு புள்ளியைப் பொய்யாக வைக்கமாட்டாள். இத்தனை நாள் ஊரெல்லாம் பேசியதைவிட இது பெரிய விஷயம் என்று அவருக்குப் பட்டது.

"எழுதும்மா" என்றார். "டிரைவர்னு எழுதாத. அப்பான்னே எழுது."

*

தலைமை ஆய்வக மேடம் மறுநாளே பேசினார். காரணம் தெரிந்ததில் சந்தோஷம், அந்த இரண்டு வார அளவுகளையும் தள்ளி வைத்துவிடுகிறோம், ஆனால் அடுத்த ஜோடி ஒத்துப்போனால்தான் நிலையம் தொடரும் என்றார்.

"இந்தத் தடவை ஆபீஸ் வண்டியிலயே போயிடு" என்றாள் அம்மா.

ரேடியோவும் கார் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மகள் சாவியை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள்.

"நீங்க வந்தே ஆகணும். எனக்கு ஒரு ஆள் வேணும். கம்பத்துல துணிப் பட்டை ஒண்ணு கட்டியிருக்கேன். அது கார்கிட்ட நிக்கிற உங்களைப் பார்த்துப் பறக்கற வரைக்கும் கடல் காத்து. நான் குடுவையைப் பார்த்துட்டு இருப்பேன். நீங்க பட்டையைப் பார்க்கணும். ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நானும் வரேன்" என்றான் மச்சான். "உங்கப்பா பேசாம இருக்கறதைப் பார்க்கக் குடுத்து வச்சிருக்கணும்."

காலை வெயிலில் பாறை முனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காரைப் பின்னால் தாழ்வில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார் ரேடியோ. அலை பாறையில் மோதும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே பாதிதான் கேட்கும். துணிப் பட்டை அவர்களைப் பார்த்துப் படபடவென்று பறந்தது.

மகள் முதல் குடுவையை எடுத்துக்கொண்டு போனாள். காற்றைப் பார்த்து நின்றாள். மூச்சை இழுத்து அடக்கினாள். நடக்க ஆரம்பித்தாள். ரேடியோ இமைகூடத் தட்டாமல் பட்டையைப் பார்த்தார். மலைச்சாலை வளைவில் எதிரே லாரி வரும்போதுகூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

பட்டை தொங்கியது.

ஒரு நொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது. பிறகு மெல்ல எழுந்து மறுபக்கம், கடலைப் பார்த்துத் திரும்பியது. ரேடியோவின் பிடரியில் சில்லென்று காற்று பட்டது. காற்று பின்னாலிருந்து வருகிறது. தன் மீது பட்டு, மச்சான் மீது பட்டு, நேராக மகளிடம் போகிறது!

கத்த வாயைத் திறந்தார். அந்த நொடியில்தான் உறைத்தது. கத்தினால் மூச்சு போகும். பட்டையைப் பார்க்கச் சொன்னாள் சரி, பார்த்ததை வாயைத் திறக்காமல் எப்படிச் சொல்வது என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை!

மகள் குடுவையைத் தூக்கிவிட்டாள். கை அடைப்புக்குப் போகிறது.

ரேடியோ திறந்த வாயை அப்படியே மூடி மூச்சை அடக்கினார். ஒரு கையால் மச்சானின் வாயைப் பொத்தி அவனையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங் நடுவில் ஓங்கி அழுத்தினார்.

'பாம்' என்று ஹாரன் அலையை மீறிக்கொண்டு எழுந்தது. விடாமல் அழுத்தினார்.

மகளின் கை அடைப்பின் மேலேயே நின்றது. திரும்பிப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். குடுவையைத் திறக்காமலே மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து, அவர்களிடம் வந்த பிறகுதான் மூச்சை விட்டாள்.

"திறக்கலப்பா! திறக்கல!"

ரேடியோ அப்போதுதான் மூச்சு விட்டார். முகம் கன்றிப் போயிருந்தது. மச்சான் அவர் கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "யோவ், வாயைப் பொத்தினா சரி, மூக்கையும் சேர்த்தா பொத்துவ? செத்திருப்பேன்யா!" என்று இரைந்தான். மகள் சிரித்துச் சிரித்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். ரேடியோ சிரித்தாரே தவிரப் பேசவில்லை. பேச வேண்டாம் என்று சொன்னது முடிந்துவிட்டதா என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

கடல் காற்று திரும்பி வரக் காத்திருந்தார்கள். பட்டை மறுபடி நிமிர்ந்து அவர்களைப் பார்த்துப் பறந்தது. ரேடியோ போனை எடுத்து, எடுக்கலாமா என்று சைகையால் கேட்டார். மகள் தான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் தரையைக் காட்டினாள். அங்கிருந்தே எடுத்தார். அவள் போனாள், மூச்சை அடக்கினாள், தூக்கினாள், திறந்தாள், மூடினாள். பிறகு இரண்டாவது குடுவை.

*

இரண்டு குடுவையும் ஒத்துப்போயிற்று. மேடம் தானே பேசிச் சொன்னார், நிலையம் தொடரும்.

மகள் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வரைபடத்தைக் காட்டினாள். அவள் பிறப்பதற்கு முந்தைய புள்ளிகளிலிருந்து இன்றையது வரைக்கும் எல்லாம் இருந்தன. வருஷத்துக்கு ஒரு முறை கொஞ்சம் இறங்கி, இறங்கியதைவிட அதிகமாக ஏறி, மேலே மேலே போய்க்கொண்டிருந்தது கோடு. கடைசியில் கறுப்பாகப் புதிய புள்ளி. அதற்கு முன்னால் அடித்துவிடப்பட்ட இரண்டு.

"அது ரெண்டும் நான்தானே?" என்றார் ரேடியோ.

"நீங்கதான்."

கோட்டின் மேல் விரலை வைத்துக் கீழிருந்து மேலே கொண்டுபோனார். "இது ஏறிட்டேதான் இருக்கு."

"ஆமாப்பா. பத்து லட்சம் பங்கு காத்துல முந்நூத்திச் சொச்சம் பங்கா இருந்தது, இப்ப நானூறைத் தாண்டிப் போயிட்டிருக்கு. எரிக்கிற கரியும் எண்ணெயும்தான் காரணம்."

"நான் ஓட்டின பஸ் புகையும் இதுல இருக்குமா?"

"இருக்கும்பா."

"எந்தப் புள்ளில?"

"எல்லாத்துலயும். என் சோத்துக்கு எரிஞ்ச அடுப்பும் இருக்கு, மாமா கடை வாசல்ல நிக்கிற வண்டியும் இருக்கு. இது ஏறாமப் பண்ண என் ஒருத்தியால முடியாது. ஆனா ஏறவே இல்லன்னு யாராவது சொன்னா, இதோ இருக்குன்னு எடுத்து வைக்க முடியும். அதுக்கு ஒவ்வொரு புள்ளியும் சுத்தமா இருக்கணும்."

ரேடியோ விரலை அந்தக் கறுப்புப் புள்ளிக்குக் கொண்டுபோனார். அது சொல்லும் சேதி நல்ல சேதி இல்லை. ஆனால் அதைச் சொன்னது தன் மகள், அதில் ஒரு துளி பொய் இல்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, நிறைந்த நெஞ்சோடு கொஞ்சம் பயமும் சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கடை ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "எங்க பொண்ணு காத்துப் புடிக்கறதைப் பாருங்கடா" என்று ஒலிபரப்பை அவனே எடுத்துக்கொண்டான். ரேடியோ போனை டிவியோடு இணைத்தார்.

பாறை முனை. பறக்கும் பட்டை. நடந்து போகும் மகளின் முதுகு. முகம் தெரியவில்லை. வர்ணனையும் இல்லை, அலைச் சத்தம் மட்டும்தான்.

"என்ன மச்சான், முகமே தெரியல?" என்றான் மச்சான்.

ரேடியோ நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். டிவியில் அவள் குடுவையைத் தூக்கினாள். கடை ஆட்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு நேரம் சத்தம் கேட்காததால், செட் ரிப்பேரோ என்று மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மகள் டிவியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கன்னம் உப்பியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் சிவந்துகொண்டே வந்தது.

அவள் போய் அவர் தோளில் கை வைத்தாள்.

"மூச்சு விடுங்கப்பா. இது வீடியோதான்."